ஊருக்குள் சூப்பர்மார்க்கெட் வருகிறது: நம் பிள்ளைகள் எந்த வேலையில் சேரலாம்?

பைபாஸ் ஓரத்தில் பெரிய கட்டடம் எழும்பி, 'விரைவில் திறப்பு' என்று பேனர் தொங்கிய அன்றே ஊருக்குள் ஓர் எண் சுற்ற ஆரம்பித்துவிடும். "இருநூறு பேருக்கு வேலையாம்." விலை குறையுமா, வண்டி நிறுத்த இடம் இருக்குமா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். படிப்பை முடித்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற குடும்பங்களுக்கு, அந்த இருநூறில் ஒன்று தங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கவலை.

தென்காசி மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட்டும் டிகிரி கடைசி செமஸ்டரும் முடிகிற மே, ஜூன் மாதங்களில் பெற்றோர் தேடிவந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: "சார், பயல சூப்பர்மார்க்கெட்ல சேத்து விடவா, இல்ல மெட்ராசுக்கு அண்ணாச்சி கடைக்கே அனுப்பிரட்டுமா?" சில ஆண்டுகளாக இதனுடன் டெலிவரி வேலையும் சேர்ந்துகொண்டது. ரேஷன் கடைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டால் அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

அதனால் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள். கம்பெனியின் நேரடி ரோலில், அதாவது அதன் சொந்தச் சம்பளப் பட்டியலில், சேர்த்துக்கொண்டால் சூப்பர்மார்க்கெட் வேலை நல்ல வேலை. சொந்த ஊரில் இருந்தபடியே வேலை பார்க்க வேண்டிய பெண்களுக்கு, அரசு வேலையை விட்டால் இதுதான் முதல் இடம். ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் ரோல் என்றால் அதன் மதிப்பில் பாதி போய்விடும். கடை வைத்தே தீர வேண்டும் என்ற கனவோடு இருக்கிற பையனுக்கு இன்றைக்கும் அண்ணாச்சி கடைதான் பள்ளிக்கூடம். இப்படி ஏன் சொல்கிறேன் என்பதை இனி விவரமாகப் பார்ப்போம்.

இருநூறு வேலை என்பது எத்தனை வேலை?

சங்கிலிக் கடை ஒன்று திறக்கும்போது சொல்லப்படும் எண்ணிக்கையில் மூன்று வகை ஆட்கள் கலந்திருப்பார்கள். முதல் வகை, கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள்: ஸ்டோர் மேனேஜர், அவருக்குக் கீழே துறைப் பொறுப்பாளர்கள், கேஷியர்களில் ஒரு பகுதி. இரண்டாவது வகை, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிராலி தள்ளுகிறவர்கள், லோடு இறக்குகிறவர்கள் மட்டும் அல்ல, பல கடைகளில் ஷெல்ஃபில் சரக்கு அடுக்குகிற பிள்ளைகளும் பில் போடுகிற பிள்ளைகளும்கூட இந்த வகைதான். மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. சோப்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பிராண்டின் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, "அக்கா, இது ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃபிரீ" என்று சொல்லும் பெண், அந்தக் கடையின் ஊழியரே அல்ல. சோப்புக் கம்பெனி வைத்த ஏஜென்சியின் புரமோட்டர். விற்பனை டார்கெட் எட்டாவிட்டால் அடுத்த மாதம் வேறு கடைக்கு மாற்றுவார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள்.

இது ஏதோ சின்னக் கம்பெனிகளின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் தன் ஆண்டறிக்கையில் நிரந்தர ஊழியர்களையும் ஒப்பந்த ஊழியர்களையும் தனித்தனியாகவே காட்டுகிறது. ஒப்பந்த ஊழியர்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். பண்டிகைக் கூட்டத்துக்கு ஆள் கூட்டி, கூட்டம் குறைந்ததும் ஆளையும் குறைப்பதற்கு இந்த ஏற்பாடு கம்பெனிகளுக்கு வசதி. கூட்டம் குறைந்த மாதத்தில் வேலையை விட்டுப் போவது யார் என்பதை மட்டும் நம் பிள்ளைகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் முழுக்க வேலைகள் நிகரமாகக் கூடுகின்றனவா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் வால்மார்ட் பரவியதைப் பற்றி இதற்கு எதிரெதிரான பதில்கள் வந்தன. எமெக் பாஸ்கர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வால்மார்ட் திறந்த ஆண்டில் சில்லறை வணிகத்தில் சுமார் 100 வேலைகள் கூடின. அடுத்த ஐந்தாண்டுகளில் அதில் பாதி கரைந்துபோனது. டேவிட் நியூமார்க் குழுவினர் 2008இல் சொன்னது இன்னும் கடுமையானது: வால்மார்ட்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஈடாக, அந்த வட்டாரத்துச் சில்லறை வணிகத்தில் சுமார் 1.4 பேரின் வேலை போனது. இந்தியாவில் மத்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் இக்ரியர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் 2008இல் தந்த அறிக்கை வேறு மாதிரி சொன்னது. பெரிய கடை வந்த முதல் ஆண்டில் பக்கத்துச் சிறு கடைகளின் விற்பனையும் லாபமும் அடி வாங்குகின்றன, போகப் போக அந்த அடி குறைகிறது, மூடப்படும் கடைகள் ஆண்டுக்கு 4.2 விழுக்காடு, அதில் பெரிய கடைகளின் போட்டியால் மூடப்படுபவை 1.7 விழுக்காடு என்றது. அது பெரிய கடைகள் பெரும்பாலும் மாநகரங்களைத் தாண்டாத காலத்துக் கணக்கு. ஆகையால் பைபாஸ் ஓரத்துக் கடை நம் ஊர்க் கடைத்தெருவை என்ன செய்யும் என்பதற்கு அதை மட்டும் நம்பிப் பதில் சொல்ல நான் தயாரில்லை.

இந்தப் பயம் தமிழ்நாட்டு வணிகர்களுக்குப் புதிதல்ல. பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012இல் அனுமதித்தபோது, அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்றார். வணிகர் சங்கங்கள் கடையடைத்துப் போராடின. வெளிநாட்டுக் கடை வரவில்லை. ஆனால் உள்நாட்டுச் சங்கிலிகள் தாலுகா ஊர்கள்வரை வந்துவிட்டன. மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை சூப்பர்மார்க்கெட்டில் வேலை கேட்டு நிற்பதை இப்போது எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

விளம்பரத்தில் '15,000 சம்பளம்' என்று இருக்கும். கைக்கு வருவது அது இல்லை என்று தெரிந்ததும் முதல் மாதமே மனம் கசந்து விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

மொத்தச் சம்பளம் 15,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். இஎஸ்ஐ 0.75 விழுக்காடு, 113 ரூபாய். கைக்கு வருவது 13,447. "ஆயிரத்து ஐநூறு ரூபாய புடிச்சிட்டான் சார்" என்பார்கள். பிடித்த பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனியும் தன் பங்காக இன்னொரு 1,440 கட்டுகிறது. அதில் சுமார் 1,000 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மீதி 440 உங்கள் பிஎஃப் கணக்கில் சேர்கிறது. ஆக மாதம் 1,880, ஆண்டுக்கு 22,560 ரூபாய், வட்டி தனி. வீட்டில் யாரும் கைமாற்று கேட்டுத் தொட முடியாத பணம் அது. ஒரு பெண் பிள்ளை நான்கு ஆண்டு வேலை பார்த்தால் தன் பெயரில் 90,000 ரூபாய்க்கு மேல் வைத்திருப்பாள். எங்கள் பக்கத்தில் இதற்குள்ள மதிப்பைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இஎஸ்ஐக்குக் கம்பெனி கட்டுவது 3.25 விழுக்காடு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். நம்மிடம் பிடித்த 113 ரூபாய்க்கு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோய் விடுப்பில் சம்பளத்தில் ஒரு பகுதி, பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் எல்லாம் கிடைக்கின்றன. இதற்கு மேல் போனஸ் குறைந்தது 8.33 விழுக்காடு. ஐந்தாண்டு முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம். மேலே சொன்ன 12,000 அடிப்படைக்கு அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,900 ரூபாய். ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடைக்கு உரிமை உண்டு.

சட்டப்படி இவையெல்லாம் ஏஜென்சி ஆட்களுக்கும் உண்டு. நடைமுறையில்தான் கோளாறு. ஏஜென்சி மாறினால் ஐந்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வேலை மாறினாலும் மாறக் கூடாத பிஎஃப் எண்ணான பழைய யுஏஎன் எண்ணை வைத்துக்கொள்ளாமல் புது எண் போடுவார்கள், பழைய கணக்கில் பணம் அனாதையாகக் கிடக்கும். நம்மிடம் பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்டவர்களும் உண்டு. ஏஜென்சி ரோல் என்றால் மதிப்பு பாதி என்று நான் சொன்னது இதனால்தான்.

நிற்கிற வேலை

பில்லிங் கவுன்டரும் ஷெல்ஃபும் நாள் முழுக்க நிற்கிற வேலை. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும், தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வருவதும் கடைப் பெண்களிடம் சாதாரணம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் கோழிக்கோட்டு விஜியின் தலைமையில் பல ஆண்டு போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கவைத்தார்கள். தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்றது. நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது: பத்து நிமிடம் முன்னதாகப் போய், ஒரு தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டூல் இருந்து, அதில் யாராவது உட்கார்ந்தும் இருந்தால், அந்தக் கடையின் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று பாதி தெரிந்துவிடும்.

வேலை நேரமும் அப்படித்தான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019 முதல் தமிழ்நாடு அரசு அனுமதிக்கிறது. கூடவே நிபந்தனைகளும் போட்டிருக்கிறது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைம் சேர்ந்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை, சம்பளம் வங்கிக் கணக்கில். எழுத்து மூலம் சம்மதம் தராத பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது. கடை மூடுவது பத்து மணிக்கு, கடைசி டவுன் பஸ் ஒன்பதரைக்கு என்றால் இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

வேலையின் உள்ளே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்று அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, லோடு வந்ததும் பில்லோடு ஒத்துப்பார்த்து இன்வார்டு போடுவது, எந்தச் சரக்கு ஓடுகிறது எது தூங்குகிறது என்று சிஸ்டத்தில் பார்ப்பது, இரவு கணக்கு முடிக்கும்போது கேஷ் ஷார்ட் வராமல் பார்ப்பது. இன்வார்டு, இருப்பு இரண்டிலும் கைபழகிய பிள்ளைக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. வெறும் பில்லிங்கிலேயே மூன்று ஆண்டு உட்காரவைத்துவிட்டால் வளர்ச்சி இல்லை. ஓராண்டு முடிந்ததும் "என்னை வேறு செக்‌ஷனில் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்கிறேன். கேட்டவர்கள்தான் சூப்பர்வைசர் ஆகிறார்கள். மேனேஜர் நாற்காலிக்குப் பெரும்பாலான சங்கிலிகள் டிகிரி கேட்கின்றன. பிளஸ் டூவோடு சேர்கிறவர்கள் தொலைதூரக் கல்வியில் பி.காம். போட்டுவிடுவது நல்லது.

கம்பெனி எப்படி வளர்கிறது?

வேலைக்குச் சேருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. எனக்கோ இது சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி.

சுபிக்‌ஷாவை நினைவிருக்கும். 1997இல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கியது. மளிகையும் மருந்தும் மலிவாகக் கிடைக்கும் சிறு சிறு கடைகள், ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது. நடுத்தரக் குடும்பங்களுக்குப் பிடித்துப்போனது. தமிழ்நாட்டைத் தாண்டி நாடு முழுக்கப் பரவி, 2008 வாக்கில் சுமார் 1,600 கடைகள். அந்த வேகத்துக்குப் பணம் கடனாக வந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் பணம் வறண்டதும் சரக்கு வாங்கவும் வாடகை கொடுக்கவும் சம்பளம் கொடுக்கவும் வழியில்லாமல், 2009 தொடக்கத்தில் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் சில வாரங்களில் வேலை இழந்தார்கள். ஒவ்வொரு திறப்பு விழாவிலும் 'வேலைவாய்ப்பு' என்று கைதட்டி வரவேற்கப்பட்ட வேலைகள் அவை.

2001இல் தொடங்கிய பிக் பஜாரின் கதை சற்று மாறுபட்டது. கடன் கழுத்தை நெரித்து, 2022இல் பல கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்குப் போனது. அந்தக் கடைகளின் ஊழியர்களுக்கு ரிலையன்ஸ் வேலை தர முன்வந்ததால் பலர் தப்பினார்கள். டிமார்ட்டோ 2002இல் மும்பை போவாயில் முதல் கடையைத் திறந்து, பெரும்பாலும் சொந்த இடத்தில் மட்டுமே கடை வைத்து, மெதுவாக நடந்தது. 2025 மார்ச் முடிவில் 415 கடைகள். சுபிக்‌ஷா பதினோரு ஆண்டில் திறந்ததில் ஏறத்தாழ கால்வாசியைத் திறக்க அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலைகள் இன்றும் இருக்கின்றன.

உள்ளூர் அளவில் இதைக் கண்டுபிடிக்க ஆண்டறிக்கை படிக்கத் தேவையில்லை. கடைக்குச் சரக்குப் போடும் லைன் சேல்ஸ்மேனிடம் விசாரியுங்கள். "பேமென்ட் கரெக்டா வருதாண்ணே?" என்று கேட்டால் போதும். சப்ளையருக்குப் பாக்கி விழ ஆரம்பித்தால், சம்பளம் தாமதமாக அதிக நாளாகாது. ஷெல்ஃபில் வேகமாக ஓடுகிற சரக்கே இல்லாமல், ஒரே பிஸ்கட்டை நீளமாக அடுக்கி இடத்தை நிரப்பியிருந்தால் அதுவும் ஒரு அறிகுறி.

அண்ணாச்சி கடை

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்குப் போய் மளிகைக் கடையில் நின்றவர்கள். கடைக்கு மேலேயோ பின்னாலேயோ தங்கல், அண்ணாச்சி வீட்டுச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணியும் ரொக்கமும். விடியக் காலையில் பால் பாக்கெட்டோடு தொடங்கி இரவு பத்தரைக்கு ஷட்டர் இறக்கும்வரை வேலை. சட்டம் சொல்கிற எட்டு மணி நேரம் இங்கே கிடையாது. பிஎஃப் கிடையாது. ஊழியர் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் பெரும்பாலான கடைகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதும் இல்லை.

அப்படியிருந்தும் இதை நான் தள்ளிவைக்காததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் தங்கவும் சாப்பிடவும் ஆகிற செலவு இங்கே மிச்சம். சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியம், சரக்கு எடுக்கக் கற்றுக்கொள்வது. துவரம்பருப்பு விலை ஏறப்போகிறது என்றால் எத்தனை மூட்டை இறக்குவது, எந்த மொத்தக் கடையில் எத்தனை நாள் கடன் தருவார்கள், தெருவில் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு 'நாளைக்கு வாங்க' என்று முகம் சுளிக்காமல் சொல்வது. சூப்பர்மார்க்கெட்டில் கொள்முதல் தலைமை அலுவலகத்தில் நடக்கிறது. கடையில் நிற்கும் பிள்ளை பத்து ஆண்டு வேலை பார்த்தாலும் ஒரு மூட்டை சரக்கைத் தன் பொறுப்பில் பேரம் பேசி வாங்கியிருக்க மாட்டான். அண்ணாச்சி கடைப் பையன் மூன்றாம் ஆண்டிலேயே டிரைசைக்கிளோடு மொத்தக் கடைக்குப் போய்விடுவான்.

நல்ல அண்ணாச்சி, சில ஆண்டுகள் உழைத்த பையனுக்குத் தனிக் கடை வைக்க முன்பணமும் மொத்தக் கடையில் அறிமுகமும் தருவார். சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற கடைகள் பல இப்படி வந்தவைதான். எல்லாரும் நல்ல அண்ணாச்சி இல்லை. சம்பளத்தை 'என்னிடமே இருக்கட்டும், ஊருக்குப் போகும்போது வாங்கிக்கோ' என்று சேர்த்துவைத்துக் கடைசியில் கணக்கில் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தெரிந்த குடும்பம், முன்பு அங்கே நின்ற பையன் இன்று என்ன செய்கிறான் என்ற விசாரிப்பு, மாதாமாதம் சம்பளம் வங்கியில் போட வேண்டும் என்ற பேச்சு, இம்மூன்றும் இல்லாமல் அனுப்பக் கூடாது. பெண்களுக்கு இந்த வழியே கிடையாது என்பது இதன் பெரிய குறை.

பத்து நிமிட டெலிவரி

பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவற்றில் இரண்டு வேலைகள் உண்டு. டார்க் ஸ்டோர் என்கிற கிடங்குக்குள் ஆர்டர் வந்ததும் ஓடி ஓடிப் பொருள் எடுத்துக் கட்டுவது ஒன்று. அது சூப்பர்மார்க்கெட்டின் ஏஜென்சி வேலை போன்றதுதான், வாடிக்கையாளர் முகம் மட்டும் இருக்காது. வண்டி ஓட்டுவது இன்னொன்று.

வண்டி ஓட்டுகிற பையன்கள் மாதம் 25,000 எடுத்ததாகச் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் பெட்ரோல், வண்டித் தவணை, டயர், போன், நகரத்து வாடகை எல்லாம் அதிலிருந்துதான். ஆர்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு கம்பெனி நினைத்தபோது மாறும். இன்சென்டிவ் வாங்க மழையிலும் இரவிலும் லாக்-இன் செய்தே ஆக வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது, ஏனென்றால் அவர்கள் ஊழியர்களாகவே கணக்கில் வருவதில்லை. தமிழ்நாடு அரசு 2023இல் இப்படிச் செயலி வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் வாரியத்தில் பதிந்தவர்களில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இந்தக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கங்கள். ஆனாலும் இன்று வண்டியிலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்தால் வீட்டுக்குச் சம்பளம் வராது.

படித்துக்கொண்டே ஒரு வேலை, போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இடைவெளியில் ஒரு வருமானம் என்றால் சரி. அதிலேயே முப்பது வயது வரை ஓடிவிடலாம் என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்து ஆண்டு ஓட்டியபின் கையில் புதுத் தொழில் எதுவும் சேர்ந்திருக்காது.

ரேஷன் கடை

கூட்டுறவு நியாயவிலைக் கடைகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் மூலம் ஆள் எடுக்கிறார்கள். விற்பனையாளருக்குப் பிளஸ் டூ, பொருளை எடைபோட்டுக் கட்டித் தரும் கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு. முதல் ஓராண்டு தொகுப்பூதியம்: விற்பனையாளருக்கு 6,250, கட்டுநருக்கு 5,500. ஓராண்டு கழித்து விற்பனையாளருக்கு 8,600-29,000, கட்டுநருக்கு 7,800-26,000 என்ற ஊதிய விகிதம். முதல் ஆண்டுச் சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நிலைத்த வேலை, ஊர்ப் பக்கத்திலேயே வேலை. மூட்டையில் எடை குறைந்து வருகிற தலைவலியை விற்பனையாளர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களின் நீண்ட நாள் புகார், அது நியாயமான புகார்.

அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, விண்ணப்பங்கள் குவியும். அதனால் இதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். வேறு வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள். கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

யாருக்கு எது

இந்த ஆண்டு கேட்டவர்களில் ஒரு பெண், பி.காம். முடித்தவள், அப்பா இல்லை, தாயையும் தம்பியையும் விட்டு வெளியூர் போக முடியாது. அவளுக்குச் சூப்பர்மார்க்கெட்டைத்தான் சொன்னேன், நேரடி ரோலாக இருந்தால் மட்டும். பக்கத்து நகரத்தில் ஒரே தெருவில் இரண்டு சங்கிலிக் கடைகள் ஆள் எடுத்தன. ஒன்றில் ஆயிரம் ரூபாய் கூடுதல், ஆனால் ஏஜென்சி ரோல். மற்றதில் குறைவு, ஆனால் நியமனக் கடிதம் கம்பெனி பெயரில். குறைவான சம்பளத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பணிக்கொடையும் முறையாக ஏறும் பிஎஃபும் ஈடுகட்டிவிடும், செக்‌ஷன் மாறி மேலே போக வழியும் இருக்கும்.

இன்னொருவன் பிளஸ் டூ. படிப்பில் ஓட்டமில்லை, பேச்சில் கெட்டிக்காரன். தாத்தா காலத்தில் மூடிய பலசரக்குக் கடையின் கட்டடம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. அவனைச் சென்னைக்குத் தெரிந்த கடைக்கு அனுப்பச் சொன்னேன். மூன்று நான்கு ஆண்டு சரக்கு எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தால், அந்தக் கட்டடத்துக்கு வாடகை இல்லை என்பது ஒன்றே சூப்பர்மார்க்கெட்டோடு போட்டி போட அவனுக்குப் பலம்.

நேரடி ரோல் கிடைக்கவே இல்லை, ஏஜென்சிதான் என்றால்? சேரலாம், வீட்டில் இருப்பதைவிட மேல். ஆனால் நியமனக் கடிதத்தில் ஏஜென்சியின் பெயர், முகவரி, பிஎஃப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே யுஏஎன் இருந்தால் அதையே கொடுங்கள், புது எண் போட விடாதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். கேஷ் ஷார்ட் வந்தால் எப்படிப் பிடிப்பார்கள், சீருடைக்குப் பணம் பிடிப்பார்களா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

சேர்ந்த இரண்டாவது மாதம், யாருடைய ரோலாக இருந்தாலும், ஒன்றிய அரசின் உமாங் செயலியைத் திறந்து பிஎஃப் பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டின் நகலோடு மேனேஜரிடம் கேளுங்கள். அடுத்த மாதமும் அப்படியே இருந்தால் பிஎஃப் அலுவலகத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம், ஏஜென்சி கட்டத் தவறினால் கடையை நடத்தும் கம்பெனிதான் கட்ட வேண்டும்.